புகை போன வழியே ஒரு வீட்டைப் படிப்பது

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட், சஸ்ஸெக்ஸ் பக்கம் ஐந்நூறு, அறுநூறு வருடப் பழைய பண்ணை வீடுகள் இன்றும் ஆள் குடியிருக்கும் நிலையில் நிற்கின்றன. பழங்கட்டடங்களை ஆராய்கிறவர் ஒருவர் அப்படியொரு வீட்டுக்கு வந்தால், முன்கூடத்தில் அதிக நேரம் நிற்கமாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏணி எங்கே என்று கேட்பார். மேலே ஏறி, ஓட்டுக்கு அடியிலுள்ள கைமரங்களை விரலால் தேய்த்துப் பார்ப்பார். விரல் நுனியில் கரி ஒட்டினால் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

பரணில் அடுப்பு கிடையாது. பரணுக்குக் கீழே படுக்கையறை, அதற்கும் கீழேதான் கூடம். கூடத்தில் தீ மூட்டினாலும் புகை செங்கல் புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். பிறகு முகட்டு மரத்தில் கரி எப்படி ஏறியது?

ஒரு காலத்தில் அந்தப் படுக்கையறையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. கூடத்தின் தரையில் நெருப்பு எரிந்தது. அதற்கு மேலே முகடு வரைக்கும் வெறும் வெளி. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், பழைய ஆங்கிலப் பண்ணை வீட்டில் குழப்பமாகத் தெரிகிற பாதி விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும். தீ எங்கே எரிந்தது, புகை எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டே போனால் போதும்.

கூட்டிப்போய்க் காட்ட ஒரு வீடு வேண்டும். பேலீஃப் என்ற வீட்டை எடுத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டதும் பிரிஞ்சி இலை ஞாபகம் வந்தால் தப்பில்லை, பெயர் அதேதான். கென்டில் சிட்டிங்ஸ்டோன் என்ற ஊர்ப்பக்கம் இருந்த வீடு இது. 1960களில் அங்கே போ பீச் என்ற நீர்த்தேக்கம் கட்டத் தொடங்கினார்கள். வீடு இருந்த பண்ணை அந்தத் திட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. இடித்துத் தள்ளுவதற்குப் பதிலாக வீட்டை மரம் மரமாகக் கழற்றி, எண் போட்டு எடுத்துச்சென்று, மேற்கு சஸ்ஸெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்தில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் லிவிங் மியூசியம் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் திரும்ப நிறுத்தினார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். கூடத்துத் தரையில் நெருப்பு மூட்டியும் காட்டுகிறார்கள்.

ஒரு வீட்டை அப்படிக் கழற்றி மாட்ட முடியுமா என்று தோன்றும். முடியும், ஏனென்றால் அது முதல்முதலில் கட்டப்பட்டதே அப்படித்தான்.

சுவர் எதையும் தாங்கவில்லை

இந்த வீடுகளில் எடையைத் தாங்குவது மரச்சட்டகம். ஓக் மரத்தில் தூண்கள், அவற்றின் தலையில் நெடுக ஓடும் உத்தரம், எதிரெதிர்த் தூண்களை இணைக்கும் குறுக்கு விட்டம், மேலே கைமரங்கள். சுவர் என்பது சட்டகத்தின் இடைவெளியை மூடும் தட்டி, அவ்வளவுதான். குச்சிகளை நட்டு, ஹேசல் என்ற புதர்மரத்தின் வளார்களை அவற்றினூடே கூடை முடைவது போல முடைந்து, களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச் சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒரு சுவர் மண்ணை முழுக்க உதிர்த்தாலும் வீடு அசையாது.

ஓக்கை வெட்டிய சூட்டோடு, ஈரமாக இருக்கும்போதே தச்சர்கள் வேலை செய்தார்கள். உலர்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. ஈர ஓக்கில் செதுக்குவது சுலபம். ஆனால் அது காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் கழுந்து. இரண்டையும் சேர்த்து மர ஆணி அடிக்கக் குறுக்கே ஒரு ஓட்டை வேண்டும் அல்லவா? அந்த ஓட்டையைக் கழுந்தில் மட்டும் ஒரு நூல் அளவு தள்ளிப் போடுவார்கள். ஆணி உள்ளே இறங்க இறங்க, கழுந்தை இழுத்து மூட்டை இறுக்கும். மரம் காயக் காயப் பிடி இன்னும் இறுகும். சட்டகத்தில் இரும்பு ஆணிக்கு வேலையே இல்லை. பழைய வீடுகளின் தூண்கள் கோணிக்கொண்டும் விட்டங்கள் வளைந்தும் இருப்பதைப் பார்த்து, வீடு சரிகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது கட்டிய முதல் சில வருடங்களில் ஈரம் காய்ந்தபோது வந்த வளைவு. அதற்குப் பிறகு நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிறது.

தூண்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அடியில் ஒடுங்கியும் தலையில் பருத்தும் இருக்கும். மரத்தைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள்! அடிமரத்தின் பருத்த பாகம் மேலே வந்துவிட்டது. தூணின் தலையில்தான் நெடுக்கு உத்தரம், குறுக்கு விட்டம் இரண்டும் வந்து உட்கார வேண்டும். ஒரே இடத்தில் இத்தனை மூட்டு போட அங்கே சதை வேண்டும். மரத்தில் சதை எங்கே இருக்கிறதோ அதை வேலை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இந்த மூட்டு முறை கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது.

சட்டகம் முழுவதையும் தச்சர் முதலில் தரையில் படுக்கவைத்து இணைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு மூட்டும் கையால் பொருத்தியது, ஒன்றின் கழுந்து இன்னொன்றின் துளைக்குச் சேராது. அதனால் சேர வேண்டிய இரண்டு மரத்திலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பார். ரோமன் எண்தான், உளியால் கோடு போடச் சுலபம். நான்கு என்று எழுதப் பெரும்பாலும் நான்கு கோடுகளையே கீறினார்கள். ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு போடும் வழக்கமான முறையில் எழுதினால், மரம் தலைகீழாகக் கிடக்கும்போது அது ஆறாகத் தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் ஆட்கள் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்கள். 1960களின் கடைசியில் பேலீஃபைக் கழற்றியவர்கள் பழைய தச்சர்களின் வேலையைப் பின்னோக்கிச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். காலண்டர்களிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் வரும் ஆங்கில வீட்டில் மரம் கன்னங்கரேல் என்றும் சுவர் பளீர் வெள்ளையாகவும் இருக்கும். அந்தக் கருப்பு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மோகம். அதற்கு முன்னால் தென்கிழக்கில் ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள், வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். இல்லையென்றால் சுவர், மரம் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

உள்ளே நடந்து பார்ப்போம்

இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடத்தை அங்கணம் என்போம். பேலீஃப் நான்கு அங்கண வீடு. நடுவில் இரண்டு அங்கணம் சேர்ந்து ஒரு பெரிய கூடம். கூடத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்கணம், அங்கே மட்டும் மேல்மாடி உண்டு. மொத்தம் ஆறு அறைகள். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து நூற்றுக்கணக்கான வீடுகள் புரிந்தது போல.

முன்கதவைத் திறந்தால் நேராகக் கூடம் வராது. வீட்டின் அகலத்துக்கு ஒரு நடை ஓடும். நடையின் அந்தக் கோடியில் பின்கதவு. நடையின் ஒரு பக்கம் அடுத்தடுத்து இரண்டு வாசல்கள். ஒன்று பான்ட்ரி: ரொட்டியும் உலர்ந்த பொருள்களும் வைக்கும் அறை. மற்றது பட்டரி. பட்டர் என்ற வெண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. பீப்பாயைக் குறிக்கும் பட் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஏல் என்ற பார்லி மது பீப்பாய்களில் இருக்கும், வீட்டில் எல்லோரும் தினமும் குடிப்பது அதைத்தான். இந்தப் பக்கம் வீட்டின் கீழ்முனை, வேலைக்கான முனை.

நடையின் மறுபக்கம் கூடம். தலையைத் தூக்கினால் முகடு தெரியும். கூடத்தின் நடுவே, இரண்டு அங்கணங்களுக்கும் பொதுவாக, ஒரு பெரிய விட்டம் லேசாக வில் போல வளைந்து குறுக்கே போகும். அதன் நடுவில் ஒரு குட்டைத் தூண் நின்று, கைமரச் சோடிகளை இணைக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு அடியில் நெடுக ஓடும் சட்டத்தைத் தாங்கும். இதற்குக் கிரவுன் போஸ்ட் என்று பெயர். வீட்டுக்காரர் காசைக் காட்ட விரும்பினால் இந்த இடத்தில்தான் காட்டுவார், அந்தக் குட்டைத் தூணுக்கு அடிப்பீடமும் தலைப்பகுதியும் செதுக்கச் சொல்வார். தரை வெறும் மண். ஜன்னல்கள் உயரமானவை, ஆனால் கண்ணாடி கிடையாது. செங்குத்தான மரக்கம்பிகள், உள்பக்கம் பலகைக் கதவு. ஜன்னல் இரண்டு பக்கச் சுவரிலும் இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சாத்திவிட்டு மறுபக்கத்தைத் திறந்து வைக்கலாம்.

தரையில் நெருப்பு எரியும். சமையலும் அதில்தான், குளிர் காய்வதும் அதில்தான். புகை மேலே எழும்பி, முகட்டடியில் சுற்றி, கூரையின் இரண்டு கோடியிலும் விட்டிருக்கும் சின்ன முக்கோணத் திறப்புகள் வழியாகவும் ஓட்டு இடுக்குகள் வழியாகவும் கசிந்து போகும். கேட்கும்போது கண் எரிகிறது. ஆனால் கூடத்தை இவ்வளவு உயரமாக வைத்ததே புகைக்காகத்தான்: புகை தலைக்கு மேலே ஒரு படலமாக நிற்கும், கீழே தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவாகத் தொந்தரவில்லை. நன்கு உலர்ந்த விறகாக இருந்தால் இன்னும் நல்லது. இரவில் தணலின் மேல் மண்மூடி ஒன்றைக் கவிழ்த்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். மரமும் வைக்கோலுமான வீட்டில் வேறு வழியில்லை. நெருப்பை மூடு என்பதற்கான பழைய பிரெஞ்சுச் சொற்களிலிருந்துதான் கர்ஃப்யூ வந்தது. நாம் ஊரடங்கு என்று சொல்கிறோமே, அதேதான்.

நடையிலிருந்து கூடத்தின் வழியாக எதிர்ப்பக்கம் போனால் மேல்முனை. அங்கே சுவரோரம் நிலையான பெஞ்ச், அதன் முன் மேசை. குடும்பத் தலைவரும் மனைவியும் கூடத்தைப் பார்த்தபடி உட்காருவார்கள். பெரிய ஜன்னல் அவர்கள் பக்கம். வேலையாட்கள் அந்தக் கோடியில். தலைவரும் மனைவியும் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் உள்ள கதவு வழியாக ஒரு தனியறை, அதற்கு மேலே வீட்டின் சிறந்த படுக்கையறை. பேலீஃபில் அந்த மாடி அறைக்குச் சொந்தமாக ஒரு கழிப்பிடம்கூட உண்டு. சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு, நேரே கீழே உள்ள குழிக்கு மேல் நிற்கும். ஒரு விவசாயி வீட்டுக்கு அது பெரிய ஆடம்பரம்.

இப்போது ஒரு கேள்வி. மேல்முனை மாடியிலிருந்து கீழ்முனை மாடிக்கு எப்படிப் போவது? போக முடியாது. நடுவில் கூடத்தின் வெற்றுவெளி. இறங்கி, எல்லோர் கண்முன்னாலும் கூடத்தைக் கடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். ஒரே கூரைக்கு அடியில் இரண்டு தனித்தனி மாடிகள். யார் எங்கே போனாலும் நெருப்பைக் கடந்துதான் போக வேண்டும். வீட்டின் உள்வாழ்க்கை முழுவதையும் அந்த நெருப்புதான் வகுத்து வைத்திருந்தது.

வெளியே வந்து முகப்பைப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் மாடி, கீழ்ச்சுவரைவிட ஓர் அடி, ஒன்றரை அடி முன்னே துருத்தி நிற்கும். நடுவிலுள்ள கூடத்துக்கு மாடி இல்லாததால் அந்தச் சுவர் உள்ளொடுங்கியிருக்கும். ஆனால் மூன்றுக்கும் ஒரே கூரை, ஒரே நேர்கோட்டில் இறங்கும். அதனால் கூடத்தின் முன்னால் கூரை விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது, அதைத் தாங்க இரண்டு பக்கமும் வளைவான முட்டுச்சட்டங்கள். கென்ட், சஸ்ஸெக்ஸில் வீல்டு என்ற காட்டுப் பகுதி உண்டு. அதன் பெயரால் இதை வீல்டன் வீடு என்கிறார்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். மாடியை ஏன் துருத்த வேண்டும் என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். நகரத்தில் தெரு குறுகல், மேலே இடம் பிடிக்கலாம். சரி, பண்ணையில் இடத்துக்கு என்ன பஞ்சம்? மரமும் கூலியும் கூடுதலாகப் பிடிக்கும் வேலை இது. என்னைக் கேட்டால் முக்கால்வாசி பெருமைக்காகத்தான்.

அப்படிப் பெருமை காட்டியவர் யார்? பிரபு அல்ல. யோமன் என்று சொல்லப்பட்ட வசதியான விவசாயி. 1348, 1349இல் கொள்ளைநோய் வந்து இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்களுக்கு நிலம் கிடைத்தது, கூலி உயர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் சேர்த்த காசு இந்த ஓக் மரங்களாக நிற்கிறது. கென்டில் இன்னொரு காரணமும் உண்டு. மற்ற இடங்களில் நிலம் பெரும்பாலும் மூத்த மகனுக்கு மட்டும் போகும். கென்டிலோ கேவல்கைண்ட் என்ற பழைய வழக்கப்படி எல்லா மகன்களுக்கும் சமபங்கு. அதனால் பெரிய எஸ்டேட்டுகள் உடைந்து, சொந்த நிலமுள்ள நடுத்தர விவசாயிகள் நிறையப் பேர் உருவானார்கள். ஒன்றை மறக்கக்கூடாது: அன்றைய சராசரி கிராமத்தானின் வீடு இது இல்லை. ஏழைகளின் குடிசைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. நமக்கு மிஞ்சியிருப்பது நல்ல மரம் வாங்க முடிந்தவர்களின் வீடுகள்தான்.

வீட்டின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? மர வளையத்தை எண்ணித்தான். ஓக் வருடத்துக்கு ஒரு வளையம் போடும், மழை நன்றாகப் பெய்த வருடம் அகலமாக, வறண்ட வருடம் குறுகலாக. இந்த அகலம், குறுகல் வரிசையை ஏற்கெனவே வருடம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்ப்பார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால் மரத்தை வெட்டிய வருடமே தெரிந்துவிடும். தச்சர் பட்டையோரத்தைச் செதுக்கி எறிந்திருந்தால், இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று ஒரு வீச்சுதான் சொல்ல முடியும். பேலீஃபின் கூடமும் கீழ்முனையும் 1405க்கும் 1430க்கும் இடைப்பட்டவை. மேல்முனை 1505க்கும் 1510க்கும் இடையில் கட்டியது. ஒரு நூற்றாண்டு கழித்துக் கட்டியும் அதே பாணியில் ஒட்டவைத்திருக்கிறார்கள், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது.

புகைபோக்கி வந்தது, வீடு மாறியது

பதினாறாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு கலைந்தது. வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் எஸ்ஸெக்ஸில் ராட்விண்டர் என்ற கிராமத்தில் இருந்தார். இங்கிலாந்தைப் பற்றி அவர் எழுதிய விவரணை 1577இல் அச்சானது. தங்கள் வாழ்நாளிலேயே கண்ட பெரிய மாற்றங்கள் என்று ஊர்க் கிழவர்கள் மூன்றைச் சொன்னார்களாம். அதில் முதலாவது, எங்கே பார்த்தாலும் புகைபோக்கி முளைத்துவிட்டது. மற்ற இரண்டும் படுக்கையும் பாத்திரமும்: வைக்கோல் பாயும் மரக்கட்டைத் தலையணையும் போய் மெத்தை வந்தது, மரத் தட்டு போய் ஈயக்கலவைத் தட்டு வந்தது. ஹாரிசனுக்கே புகைபோக்கி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. திறந்த நெருப்புக் காலத்தில் யாருக்கும் தலைவலி வந்ததில்லை, புகை வீட்டு மரத்துக்கு உரம், ஆளுக்கு மருந்து, இப்போது என்னவென்றால் எல்லோருக்கும் சளி என்று புலம்பியிருக்கிறார். எந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார் போலிருக்கிறது.

எல்லோரும் ஒரே நாளில் செங்கல் வாங்கிவிடவில்லை. சிலர் முதலில் கூடத்தின் ஒரு கோடியில் குறுகலான பகுதியைத் தடுத்து, அதற்குள் நெருப்பை ஒதுக்கினார்கள். புகை அந்தப் பகுதிக்குள் மட்டும் ஏறிப்போகும். அடுத்து மரச்சட்டத்தில் மண் பூசிய புனல் போன்ற கூடுகள். கடைசியில் செங்கல் அல்லது கல். தரையிலிருந்து கூரையைத் துளைத்துப் போகும் பெரிய புகைபோக்கி அடுக்கை, இருக்கிற வீட்டுக்குள் எங்கே நுழைப்பது? பலர் கூடமும் நடையும் சேரும் இடத்தில், அல்லது நடையிலேயே நுழைத்தார்கள்.

புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்தின் உயரத்துக்கு வேலை இல்லாமல் போனது. நடுவில் உத்தரம் போட்டு ஒரு தளம் இறக்கினார்கள். கூடத்துக்கு மேலே புதிதாக ஒரு படுக்கையறை. இரண்டு தனி மாடிகளும் இப்போது ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. யாரும் யாரையும் கடக்காமல் தூங்கப் போகலாம். உயரமான ஜன்னல் நடுவில் வெட்டுப்பட்டு, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஆனது. மெல்ல மெல்லக் கண்ணாடியும் வந்தது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த கூடம், நாலு அறைகளில் ஓர் அறையாகச் சுருங்கியது. ஆங்கிலேயர் தனியறையை இவ்வளவு மதிப்பதற்கு வேர் எங்கே என்று கேட்டால், நான் இந்தச் செங்கல் அடுக்கைத்தான் காட்டுவேன்.

பரணில் இருந்த கரிக்கு இப்போது கணக்குத் தீர்ந்துவிட்டது. புதிய தளமும் உள்கூரையும் வந்தபோது பழைய முகட்டை யாரும் கழுவவில்லை. தலைக்கு மேலே மூடி மறைத்துவிட்டார்கள்.

ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே பிறந்த வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அருகே ஷாட்டரியில் உள்ள அதைச் சுற்றுலாப் பயணிகள் காட்டேஜ் என்று கொஞ்சிக் கூப்பிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு பண்ணை வீடு, 1460களில் திறந்த கூடமாகக் கட்டியது. அங்கே சட்டக முறை வேறு. வளைந்த பெரிய மரங்களை இரண்டிரண்டாக எதிரெதிரே சாய்த்து, முகட்டில் சேர்த்திருக்கிறார்கள். இதைக் குரக் என்பார்கள், மேற்கிலும் வடக்கிலும் அதிகம். ஷேக்ஸ்பியர் 1582இல் திருமணம் செய்தார். ஆனின் சகோதரர் பார்த்தலோமியூ காலத்தில்தான் கூடத்துக்குள் தளமும் புகைபோக்கியும் வந்தன. ஆக, ஆன் சிறுமியாக ஓடியாடிய கூடமும் இன்றைக்குப் பயணிகள் பார்க்கும் கூடமும் ஒன்றல்ல.

புகைபோக்கியை நினைத்தே கட்டிய வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். சிங்கிள்டன் அருங்காட்சியகத்திலேயே பெண்டீன் என்ற பண்ணை வீடு இருக்கிறது, 1609ஐச் சேர்ந்தது. வீட்டின் நடுவில் தடித்த செங்கல் அடுக்கு. அதன் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாகக் கணப்புகள், அதாவது சுவருக்குள் நெருப்பு மூட்டும் இடங்கள். முழுக்க மாடி. பேலீஃபில் வீட்டைக் குறுக்கே வெட்டிய நடை இங்கே காணவில்லை. இந்த வகை வீடுகளில் கதவைத் திறந்தால் புகைபோக்கியின் பக்கவாட்டுச் சுவர் முகத்தில் இடிக்கிற மாதிரி நிற்கும். ஒரு சின்ன முன்னறை, இடப்பக்கம் ஓர் அறை, வலப்பக்கம் ஓர் அறை. குளிர்காற்று நேராக உள்ளே பாயாது. ஒரே அடுக்கு இரண்டு, மூன்று அறைகளுக்குச் சூடு தரும். கணக்கான வடிவம். பதினேழாம் நூற்றாண்டில் தென்கிழக்கில் இதுவே சாதாரண பண்ணை வீடாகிவிட்டது.

கணப்பு அதிகமாக, அரசாங்கத்துக்கும் அதன் மேல் கண் விழுந்தது. 1662இல் கணப்பு வரி வந்தது, ஒரு கணப்புக்கு வருடம் 2 ஷில்லிங். அதிகாரி உள்ளே வந்து எண்ணுவார், ஜனங்களுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1689இல் எடுத்துவிட்டார்கள். 1696இல் ஜன்னல் வரி போட்டார்கள், அதைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம் அல்லவா? அது 1851 வரை ஓடியது. பழைய வீடுகளில் செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைப் பார்த்தால் பலரும் உடனே இந்த வரியைக் காரணம் சொல்வார்கள். சில வீடுகளில் உண்மை. சிலவற்றில் முகப்பு சமச்சீராகத் தெரிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பொய் ஜன்னல் வைத்திருப்பார்கள்.

மற்ற பகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சொன்னது ஓக் காடு நிறைந்த தென்கிழக்கு. ரயில் வரும் முன் கனமான கல்லை வெகுதூரம் கொண்டுபோகக் கட்டுபடியாகாது, அதனால் காலடி மண்ணில் என்ன கிடைக்கிறதோ அதுதான் வீடு. லிங்கன்ஷயரில் சுண்ணாம்புக்கல். ஐசக் நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்த ஊல்ஸ்தார்ப் அப்படிப்பட்ட பதினேழாம் நூற்றாண்டுப் பண்ணை வீடுதான். பிளேக் காரணமாகக் கேம்பிரிட்ஜ் மூடியிருந்த 1665, 1666இல் அவர் திரும்பி வந்து தங்கியதும் இங்கேதான். டெவனில் வைக்கோல் கலந்த மண்ணை மிதித்து எழுப்பிய பருத்த சுவர்கள். டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கருங்கல். அங்குள்ள நீள்வீடுகளில் நடைக்கு ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் மாடுகள், ஒரே கூரை. மாட்டுப் பக்கம் சரிவில் கீழே இருக்கும், மூத்திரம் வடிந்து போக. பொருள் மாறினாலும், நடை, கூடம், மேல்முனை, கீழ்முனை என்ற எலும்புக்கூடு பல இடங்களில் அப்படியே இருப்பதைக் கவனிக்கலாம்.

அடுத்த முறை இப்படியொரு வீட்டுக்குள் போக வாய்த்தால் என்ன பார்ப்பது? முதலில் கதவும் புகைபோக்கியும் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கதவுக்கு நேர் எதிரே அடுக்கு நின்றால் பெண்டீன் வகையாக இருக்கலாம். கதவு ஓரமாக இருந்து, எதிர்ச்சுவரிலும் ஒரு கதவோ அடைத்த தடமோ இருந்தால், பழைய நடையில் நிற்கிறீர்கள். அப்புறம் விட்டங்களின் அடிப்பக்கம். வரிசையாகச் சின்ன வைர வடிவக் குழிகள் தெரிந்தால், அங்கே கண்ணாடியில்லாத ஜன்னலின் மரக்கம்பிகள் நின்றன என்று அர்த்தம். ஒன்றுமே மாட்டாமல் வெறுமையாக இருக்கும் துளைகள், காணாமல் போன சுவரைச் சொல்லும். கணப்புக்கு மேலே உள்ள பெரிய உத்தரத்தில் வட்டத்துக்குள் ஆறிதழ்ப் பூ கீறியிருக்கலாம். தீயதை அண்டவிடாத காப்பு என்று பலர் விளக்குகிறார்கள், தச்சர் கவராயத்தோடு விளையாடியதாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சொந்த வீடாகவே இருந்தாலும் கரியைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலில் இருந்தால், அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது அங்கே குற்றம்.

கரியின் மதிப்பு டெவனில் வேறு மாதிரி வெளிப்பட்டது. அங்கே வைக்கோல் கூரை அதிகம். கூரை பழுதானால் மேல் அடுக்கை மட்டும் சீவிவிட்டு, அதன் மேலேயே புதிதாக வேய்வது வழக்கம். அதனால் அடியில் உள்ள முதல் அடுக்கு, திறந்த நெருப்புக் காலத்தில் வேய்ந்தது, சில வீடுகளில் அப்படியே இருக்கிறது. புகை ஏறி அட்டைக்கரியாகக் கறுத்திருப்பதால் அது மட்கவும் இல்லை, பூச்சி அரிக்கவும் இல்லை. தாவர ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கோதுமையும் ரை என்ற தானியமும் கதிரோடு, வயலில் கூடவே முளைத்த களைகளோடு, வேர்முனை வரைக்கும் கிடைத்தன. அந்த விவசாயி அந்த வருடம் எந்த வயலை அறுத்தாரோ, அதுவே அங்கே தலைக்கு மேல் கிடக்கிறது.